இங்கிலாந்தில் நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் திடீரென்று எல்லோருக்கும் ஆண்டவரின் அழைப்பு வந்தது. அதுவரை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்கள்தான் வருவோம். இங்கிலாந்தில் ஒரு சபை எங்கள் பாஸ்டருக்குக் கடிதம் எழுதி, மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு மாத ஊழியப் பயணம் வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது என்ற செய்தி பரவியது. அடுத்த வெள்ளிக்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருந்த எங்கள் மேல்மாடி மண்டபத்தில் உட்கார இடமில்லை. ஞாயிறு ஆராதனைக்கே ஒழுங்காக வராத ஆண்கள் முழங்காலில் நின்று, 'என்னை அனுப்பும் ஆண்டவரே' என்று வாய்விட்டு அழுதார்கள்.

அவர்கள் ஏன் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யுத்தத்துக்குத் தப்பி வந்த யாழ்ப்பாணத்துச் சனம் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் அறை அறையாக அடைந்து கிடந்த காலம் அது. பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் பாண் வாங்கக்கூட வெளியே போக முடியாது. சுற்றிவளைப்பு என்றால் ஆமிக்காரர் இளம் ஆண்களை ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வெளியே போக ஒரு கதவு திறந்தால் யார்தான் ஓடமாட்டார்கள்? ஆனால் அந்த ஆசைக்கு ஆண்டவரின் பெயரை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் முந்தி அழுததைப் பார்க்க எனக்குக் குமட்டியது. அப்போது மற்றவர்களைப் பார்த்துத்தான் குமட்டியது.

எனக்கு இருபத்துநாலு வயது. கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. அம்மாவும் நானும் ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் இருந்தோம். நான் அழைப்பு எதுவும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "ஜெபத்தில உங்கட பேர்தான் வந்தது, சிஸ்டர்" என்றார். நான் நம்பினேன். அம்மாவும் நம்பி, அன்றைக்குப் பால்சோறு செய்தா. உண்மையான காரணத்தைப் பாஸ்டரின் மனைவி பிறகு வாய்தவறிச் சொல்லிவிட்டா. "உங்கட அம்மா இங்க நிப்பாதானே. அவவை விட்டிட்டு நீங்கள் அங்க நிக்கமாட்டீங்கள். விசாக் குடுக்கிறவனும் அதைத்தான் பாப்பான்."

இரண்டாவது காரணம் அப்பா. யுத்தத்தில் அப்பாவை இழந்த பிள்ளை என்று பாஸ்டர் கடிதத்தில் எழுதியிருந்தார். அது பொய் இல்லை. ஆனால் அப்பா எப்படிச் செத்தார் என்று சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு நீண்டகாலச் சலரோகம். யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டிய பிறகு இன்சுலின் வருவது குறைந்தது. கரண்ட் இல்லை, பிரிட்ஜ் இல்லை. அம்மா மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் வைத்துக் காப்பாற்றினா. பிறகு குப்பியும் வரவில்லை. செருப்பு வார் உரசி அப்பாவின் கால்விரலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணானது, விரல் கறுத்தது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்துவிட்டு, காயக்காரருக்கே கட்டில் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு பாதம் முழுக்க அழுகத் தொடங்கியது. நாற்பது நாளுக்கு மேல், காலையும் மாலையும், அம்மா உப்புத்தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றி, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கிவைத்துக் கழுவினா. கழுவிய துணியைத் தனியே அவித்தா. பழுதான சதையைத் தன் கையாலேயே எடுத்தா.

நான் அந்த அறைக்குள் போகவில்லை. நாற்றம். எப்படி என்று எழுத எனக்குச் சொல் இல்லை. வீடு முழுக்க, சோற்றில்கூட அது இருந்தது. முதலில் மூன்று நாள் மட்டும் போனேன். மூன்றாம் நாள் அவருக்கு முன்னாலேயே ஓங்காளித்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு கிணற்றடியில்தான் இருந்தேன். அவர் உயிர் போனபோதும் கிணற்றடியில்தான் இருந்தேன்.

பயணத்துக்கான ஆயத்தம் இரண்டு மாதம் நடந்தது. பொலிஸ் அறிக்கை, கந்தோரில் லீவுக் கடிதம், எம்பசி வாசலில் வரிசை. புறக்கோட்டை நடைபாதையில் பழைய கம்பளிக் கோட்டுகள் வாங்கினோம். யாரோ வெள்ளைக்காரரின் வியர்வையும் பூச்சி உருண்டையும் கலந்த மணம் எத்தனை வெயிலில் போட்டும் போகவில்லை. பாஸ்டரின் மனைவி என் பெட்டியைத் திறந்து பார்த்து, அம்மா வாங்கிவைத்த புதுச் சாறி இரண்டையும் வெளியே எடுத்தா. "இதெல்லாம் வேண்டாம் பிள்ளை. பழசு கட்டுங்கோ. தோட்டையும் கழட்டுங்கோ. அவை எங்களைப் பாக்கேக்க அவையின்ர மனசு உருகவேணும்." அவ தன் தோட்டைக் கழற்றவில்லை.

நாலு பேர் போனோம்: பாஸ்டர், அவர் மனைவி, நான், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சபையில் கீபோர்ட் வாசித்த ஓர் இளைஞன். விமானம் ஏறியதும் பாஸ்டர் எல்லோருடைய பாஸ்போட்டையும் வாங்கித் தன் பைக்குள் வைத்துப் பூட்டினார்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊர். முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. நான் தமிழில் சாட்சி சொல்ல, பாஸ்டர் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு. எனக்கு ஆங்கிலம் பேசக் கூச்சமே தவிர விளங்காமல் இல்லை. நான், "அப்பாவுக்குச் சலரோகம், இன்சுலின் கிடைக்கவில்லை" என்றேன். பாஸ்டர் மைக்கில், "நாங்கள் ஜெபித்துக்கொண்டிருந்தபோது ஷெல் விழுந்தது" என்றார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டி, மேலே சொல்லுங்கோ என்பதுபோலக் கையைக் காட்டினார். நான் கால்விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் கூரை இடிந்ததைச் சொன்னார். முன்வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்தி அழுதா.

கூட்டம் முடிந்து தேத்தண்ணீர் கொடுத்தபோது பாஸ்டரை ஒரு மூலைக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் மாத்திச் சொன்னனீங்கள்?"

அவர் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "சிஸ்டர், சலரோகம் இஞ்ச எல்லாருக்கும் இருக்கு. தேத்தண்ணி ஊத்துற அந்தக் கிழவிக்கும் இருக்கும். அதைச் சொன்னா ஆர் அழப்போகினம்? ஷெல் விழேல்லையா? விழுந்ததுதானே. உங்கட வீட்டில விழாட்டி பக்கத்து வீட்டில விழுந்திருக்கும். எங்கட சனத்தின்ர சாட்சி அது."

நான் அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கையில் பிஸ்கட் வைத்திருந்தேன். அதைத் தின்றேன்.

இரண்டாவது வாரம் தமிழ்ச் சனமும் வரும் கூட்டம் ஒன்று இருந்தது. அங்கே என் தமிழும் அவருடைய ஆங்கிலமும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்டர் காரில் வைத்தே சொல்லித்தந்தார். நான் சொன்னேன். ஷெல், கூரை, ஜெபம். சொல்லச் சொல்ல நாக்கு தடுமாறும் என்று பயந்தேன், தடுமாறவில்லை. எந்த இடத்தில் நிறுத்தினால் சனம் மூச்சைப் பிடிக்கும் என்று மூன்றாவது தடவையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீபோர்ட் வாசிக்கிறவன் அந்த இடத்தில் மெல்லிய ஓசை ஒன்று கொடுக்கப் பழகியிருந்தான். ஒருநாள் பாராட்டாகவே சொன்னான்: "அக்கா, நாளுக்கு நாள் நல்லாச் சொல்லுறீங்கள்."

அடுத்த கூட்டத்தில் ஒரு கிழவி என்னிடம் வந்து, காயம் பட்டதா, தழும்பு இருக்கிறதா என்று கேட்டா. பாஸ்டர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. பன்னிரண்டு வயதில் சோற்றுப்பானையைத் துணி பிடிக்காமல் இறக்கி, கஞ்சி ஊற்றுப்பட்டு வந்தது. கிழவி குனிந்து அந்தத் தழும்பில் முத்தமிட்டா. உதடு ஈரமாக, குளிராக இருந்தது. அவவுடைய கண்ணீர் என் கையில் விழுந்தது. நான் கையை இழுக்கவில்லை. குளியலறைக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன், தோல் சிவக்கும்வரை. பாவம், அந்த மனுசி உண்மையாகத்தான் அழுதா. எனக்கு வந்த அருவருப்பு அவவில் இல்லை.

மூன்றாவது வாரம் கீபோர்ட் வாசிக்கிறவன் காணாமல் போனான். லண்டனில் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்திருக்கிறார். பாஸ்போட்டைக்கூடக் கேட்கவில்லை, உடுப்புப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறிவிட்டான். பாஸ்டர் அவனை யூதாஸ் என்றார். சாப்பாட்டு மேசையில், எங்களைத் தங்கவைத்த குடும்பத்துக்கு முன்னால், அவனுக்கு நிம்மதி கிடைக்கக்கூடாது என்று தமிழில் ஜெபித்துவிட்டு, ஆங்கிலத்தில் ஆமென் சொன்னார். அந்தக் குடும்பமும் ஆமென் சொன்னது. எங்கள் நாலு பேரில் வந்த நோக்கத்தைக் கூட்டிக் குறைக்காமல் செய்தவன் அவன் ஒருவன்தான் என்று நான் நினைத்தேன்.

அவன் போனதால் கூப்பிட்ட சபைக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்தது. கடைசிக் கூட்டம் நன்றாக அமைய வேண்டும் என்று பாஸ்டர் பதறினார். கதையை இன்னும் இறுக்கி, ஷெல் விழுந்த நேரத்தை இப்படிச் சொல்லச்சொன்னார்: அம்மா சந்தைக்குப் போயிருந்தா. வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அப்பாவின் தலை என் மடியில். எதிரிகளை மன்னித்துவிடு மகளே என்று சொல்லி உயிர் விட்டார். அப்படியே சொன்னேன். ஒரு சொல் தவறவில்லை. முடிந்ததும் சனம் எழும்பி நின்றது. அதை வீடியோ எடுத்தார்கள்.

கொழும்புக்குத் திரும்பி ஒன்றரை மாதத்தால் அந்தக் கசெட் தபாலில் வந்தது. பாஸ்டர் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு மண்டபத்தில் டிவியும் டெக்கும் வைத்து எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். எனக்கு முதல்நாளே தெரியும். அம்மாவிடம் தலையிடி என்று சொல்லி வீட்டில் நிற்கப் பார்த்தேன். "உன்னைத்தானே பிள்ளை காட்டப்போகினம்" என்று அம்மா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா. முன்வரிசையில் உட்கார்ந்தா.

டிவியில் நான் பேசினேன். அம்மா ஆடாமல் அசையாமல் முடியும்வரை பார்த்தா. பக்கத்திலிருந்த பெண் அழுதுகொண்டே அம்மாவின் தோளைத் தடவினா. எனக்கு என் குரலைக் கேட்க, யாரோ என் வாய்க்குள் விரலை விட்டதுபோல இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மா அரிசி கழுவினா. உலையில் போட்டா. பிறகு கேட்டா: "அண்டைக்கு நான் சந்தைக்கோ போனனான்?"

"பாஸ்டர்தான் அம்மா அப்பிடிச் சொல்லச் சொன்னவர்."

"பாஸ்டரை நான் கேக்கேல்ல. அவர் அண்டைக்கு எங்கட வீட்டில நிக்கேல்ல. நீ நிண்டனீ."

நான் அழுதேன். அம்மா சமாதானப்படுத்த வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே சொன்னா: "நாத்தமெண்டு நீ வெளியில இருந்ததை நான் ஒருநாளும் பிழையெண்டு சொல்லேல்ல. சின்னப்பிள்ளை, தாங்கேலாது எண்டு விட்டனான். அந்த மனுசனும் அதைத்தான் சொன்னவர். அவளைக் கூப்பிடாதை எண்டு. நீ வெளியில இருந்ததையே சொல்லியிருக்கலாம்."

அப்பா அப்படிச் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அம்மா எழும்பினா. அவ அதுவரை ஒருநாளும் மைக் பிடித்ததில்லை. இன்சுலின் குப்பி, மணல் சட்டி, கறுத்த விரல், துணி அவித்தது, எல்லாவற்றையும் மளிகைச் சாமான் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னா. "ஷெல் ஒண்டும் விழேல்ல. நான் பக்கத்தில இருந்தனான்" என்று முடித்தா. ஒருவரும் அழவில்லை. சிலர் முகத்தைச் சுழித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் புண்ணைப் பற்றிக் கேட்க யாருக்குப் பிடிக்கும்? பாஸ்டர், "ஸ்தோத்திரம் அம்மா" என்று மைக்கை வாங்கிப் பாட்டைத் தொடங்கினார். அதுதான் நாங்கள் அந்தச் சபைக்குப் போன கடைசி நாள்.

இங்கிலாந்துச் சபைக்கு நான் கடிதம் எழுதினேன். நான் சொன்னது எதுவும் உண்மை இல்லை என்று, ஒளிக்காமல், இரண்டு பக்கம். பதில் வந்தது. யுத்தத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஞாபகம் குழம்புவது இயல்பு, எனக்காக ஜெபிக்கிறார்கள், என் சாட்சியால் பலர் தொடப்பட்டார்கள். பூப்படம் போட்ட அழகான கடதாசி. மூன்று தடவை வாசித்துவிட்டுக் கிழித்தேன்.

அடுத்த வருசம் அவர்கள் பாஸ்டரைத் திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒருநாள் காலி வீதி பஸ் தரிப்பில், சபையில் என்னோடு பாடிய ஒரு பெண்ணைக் கண்டேன். இந்தமுறை அவளைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். குளிர் எப்படி, என்ன உடுப்பு என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கால், ஷெல், கிழவி, கசெட். அவள் கவனமாகக் கேட்டாள்.

"தெரியும் அக்கா. உங்கட அம்மா சொல்லேக்க நானும் இருந்தனான்தானே" என்றாள். "என்ர அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போய் அஞ்சு மாசம். இன்னும் தகவல் இல்லை. நான் அதைச் சொல்லுவன்."

"பாஸ்டரும் அதைத்தான் சொல்லச் சொன்னவரோ?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். "அண்ணா செத்திட்டார் எண்டு சொன்னா நல்லமாம்."

"நீ என்ன சொன்னனீ?"

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.