பால்கனி வெயிலும் ஐந்நூற்றைம்பதும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஏசி பைப் போடுகிறவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். பட்டப்பெயர் உள்ளவர் ஒருவர்தான்: 'ஜாயின்ட் இல்லாத பீட்டர்'. சுவருக்குள் போகும் செப்புக் குழாய் ஒரே துண்டாகப் போக வேண்டும், நடுவில் ஒட்டு கூடாது என்பது அவர் மதம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது அதற்கு அடுத்தபடிதான்.

அப்பா கோலார் தங்கவயலில் பாறைக்குள்ளிருந்து மஞ்சள் உலோகத்தை வெளியே எடுத்தார். மகன் பெங்களூரில் சிவப்பு உலோகத்தைச் சுவருக்குள் புதைக்கிறார். இரண்டுமே வீட்டுக்கு வரவில்லை. இதைச் சொன்னால் பீட்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "எங்க வூட்டுக்குத்தான் மௌரீன் வந்துச்சே" என்பார். மௌரீன் அவர் மனைவி.

இந்த டிசம்பரில் அவருக்குப் பொம்மனஹள்ளியில் வேலை. ஈரோட்டிலிருந்து வந்து ஐ.டி.யில் வேலை பார்க்கும் இளவேனில், புது அடுக்குமாடி வீட்டில் ஹீட் பம்ப் கேட்டாள்: குளிரில் சூடும் கோடையில் குளிர்ச்சியும் ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும். பெட்டியின் ஒரு பாதி பால்கனியில், மறுபாதி படுக்கையறையில். இரண்டையும் இணைக்கும் குழாய்க்காகச் சுவரில் பள்ளம் வெட்டியபோது, வரைபடத்தில் இல்லாத ஒரு கான்கிரீட் உத்திரம் குறுக்கே படுத்திருந்தது. சுற்றிக் கொண்டுபோனதில் குழாய் ஒன்றரை அடி போதவில்லை. பீட்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒட்டுப் போட்டுவிட்டார்.

வியாழன் மதியம் குழாயில் நைட்ரஜனை அடைத்து, பால்கனி முனையில் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினார். முள் ஐந்நூற்றைம்பதில் நின்றது. மறுநாளும் அங்கேயே நின்றால் கசிவு இல்லை, சுவரை மூடலாம். மீட்டர் பக்கத்துச் சுவரில் பென்சிலால் '550, 2.40' என்று எழுதினார். வழக்கமாக அதோடு 'வெயில்' என்றோ 'மேகம்' என்றோ எழுதுவார். வெயிலில் உள்ளே இருக்கும் காற்று உப்பும், குளிரில் சுருங்கும். முள்ளும் கூடவே ஆடும். அன்று இளவேனில் தான் பார்த்த பதினோரு வீடியோக்களிலிருந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். வானிலை விட்டுப்போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவளிடமிருந்து போன்.

"அண்ணா, இருபது எறங்கிருச்சுங்ணா! ஞாயித்துக்கெழம புதுமனை புகுவிழா. நாளைக்கே ஈரோட்டுலருந்து எல்லாரும் வர்றாங்க."

பீட்டர் போய்ப் பார்த்தார். ஐந்நூற்று முப்பது. வானம் முழுக்க மேகம். ஒட்டுமேல் சோப்பு நுரை தடவினார், குமிழி வரவில்லை. ஆனால் மெல்லிய கசிவு சோப்புக்குப் பயப்படாது. ஒட்டுத்தான் கசிகிறது என்றால் சுவரை இன்னும் உடைக்க வேண்டும், விழா தள்ளிப்போகும், அந்தக் கட்டடத்தின் அறுபது வீட்டு வாட்ஸாப் குழுவில் அவருடைய பட்டப்பெயர் போய்விடும்.

"நேத்து மதியானம் வெயிலா, மேகமா?" என்றார்.

"மேகம்ங்ணா. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன்."

"நீ ஏசி ஆபீஸ்ல உக்காந்து உக்காந்து ஸ்வெட்டரோடயே பொறந்த மாதிரி ஆயிட்டம்மா" என்றாள் பள்ளத்தை மூட வந்திருந்த எல்லம்மா. "நல்ல வெயிலு. எம் முதுவு சுட்டுச்சு."

பீட்டருக்கு என்னவோ தூறல் விழுந்ததாக ஞாபகம். பெங்களூரில் ஒரே மதியத்தில் மூன்றும் உண்மையாக இருக்கும்.

"பீட்ரண்ணா, மூடட்டா வேணாவா? கலந்த சிமெண்ட்டு கல்லாப் பூடும்."

"சும்மா இரு எல்லம்மா. வெயில் வர்ட்டும், முள்ளு தானா ஏறும்."

"ஏறலன்னா?"

இளவேனில் உள்ளே ஓடி ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். "இதுல சூடு காட்டலாமாங்ணா?"

"அது முடிக்கும்மா. எனக்கும் பைப்புக்கும் அந்தக் கவலயே கெடையாது" என்று வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு மௌரீன் கூப்பிட்டாள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை வாங்கி வரச் சொல்லத்தான். குரலிலேயே பிடித்துவிட்டாள்.

"இன்னாய்யா, ஜாயின்ட்டு கீது போட்டியா?"

"ஒண்ணே ஒண்ணு."

"போடமாட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச! சரி, இப்ப இன்னா பண்றே?"

"வெயிலுக்குக் காத்துக்கினுகிறேன்."

"எங்க கிச்சன்ல நெறைய கீது, அனுப்பட்டா?"

ஒன்றரை மணிக்கு மேகம் கலைந்தது. வெயில் முதலில் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, பிறகு பால்கனிக்கு வந்தது, வாடகை கேட்க வந்தவர் போல மெதுவாக. முள் ஐந்நூற்று முப்பத்தைந்துக்கு வந்தது. நாற்பத்திரண்டு. எல்லம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மீட்டர் முன்னால் குந்தினாள். இளவேனில் ஒரு ஆன்லைன் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு வந்து நின்றாள். இரண்டு நாற்பதுக்கு முள் ஐந்நூற்றைம்பதைத் தொட்டு நின்றது. நேற்று எல்லம்மாவின் முதுகைச் சுட்ட அதே வெயிலில் அதே அளவு. கசிந்துபோன காற்று திரும்பி வராது; ஆகவே எதுவும் கசியவில்லை.

"சூப்பருங்ணா!"

பீட்டர் ஆகாயத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். ஜெபமாக இருக்கலாம்; முட்டைக் கணக்காகவும் இருக்கலாம். எல்லம்மா புதுச் சிமெண்ட் கலந்து வந்தபோது, "ஒரு நிமிசம்" என்று அவளைத் தடுத்தார். பென்சிலை எடுத்து, பள்ளத்துக்குள் ஒட்டுக்குப் பக்கத்தில் எழுதினார்: 'ஒரு ஜாயின்ட். பீட்டர். வெயில்.'

"யாரு படிக்கப் போறாங்க அத?" என்றாள் எல்லம்மா.

"அதுக்குத்தான் மூடச் சொல்றேன்."

அவள் ஒரே இழுப்பில் பூசினாள். பீட்டர் முட்டை வாங்கப் போனார், பட்டப்பெயரோடு.