முகமூடிக்காரனின் மனைவி

ஐம்பதுகளில், கல்யாணத்துக்கு முன்பு, போடியில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில் இரண்டு வருஷம் காய் பொறுக்கினேன். மலையிலிருந்து மூடை மூடையாக இறங்கும் காயைச் சுளகில் கொட்டி, பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரிக்க வேண்டும். இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அந்த வயதில் தோன்றவில்லை.

முன்னறையில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை ஒரு வாரப் பத்திரிகை வாங்குவார். அதில் இரண்டு பக்கத்துக்குப் படக்கதை வரும். கறுப்பு முகமூடி போட்ட ஒருவன். கோட்டை மதிலை ஒரே தாவில் தாண்டுவான், நூறு சேவகர்களைத் தனி ஆளாகப் புரட்டி எடுப்பான், ஏழைகளிடம் பிடுங்கிய நெல்லைத் திரும்ப அவர்கள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவான். அவன் யார் என்று யாருக்கும் தெரியாது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பத்திரிகை என் கைக்கு வரும். நான் வாசிக்க, மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டே கேட்க வேண்டும். கதை கேட்டால் பேச்சு குறையும், வேலை ஓடும் என்பது கணக்குப்பிள்ளையின் எண்ணம். ஆனால் புத்தகத்தில் வேறு யார் கையும் படக்கூடாது, சுளகை விட்டு யார் கண்ணும் எழும்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, படக்கதையைப் படம் பார்க்காமலே ரசித்த கூட்டம் எங்கள் கூட்டம். படத்தில் இருப்பதை நான்தான் வாயால் சொல்ல வேண்டும்.

"இப்ப எங்கத்தா நிக்கிறான்?"

"மதில் மேல நிக்கிறான்."

"பையப் பார்த்து நிக்கச் சொல்லு. மழை பெஞ்சு வழுக்கிக் கெடக்கும்."

அந்த ஐப்பசியில் உண்மையாகவே மழை கொட்டி, ஒரு வாரம் பத்திரிகை வரவில்லை. அத்தனை பேரும் என்னைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். "வந்திருச்சு, காலையிலேயே வாசிச்சுட்டேன்" என்று அளந்துவிட்டு, நானாகவே ஒரு கதை கட்டினேன். முகமூடிக்காரனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள். அடைமழையில் அவன் முகமூடியோடு தன் வீட்டுக்கே வருகிறான். அவள் யாரோ வழிப்போக்கன் என்று சோறு போடுகிறாள். தின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுகிறான். வந்தவன் யார் என்று அவளுக்குத் தெரிந்ததா இல்லையா என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். கிட்டங்கியில் ஒரு சுளகும் அசையவில்லை. என்ன ஆயிற்று என்று கணக்குப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் பத்திரிகை வந்தது. அதில் மனைவி எங்கே இருப்பாள்? நான் பாட்டுக்குச் சண்டையை வாசித்துக்கொண்டு போனேன். "அந்தப் பொம்பள என்ன ஆனா?" என்று குறுக்கே கேட்டாள் சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் அக்கா. அவளுடைய புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் மலைக்கு அந்தப்பக்கத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து மற்றவர்கள் பேசினார்கள்.

கேட்டவளை ஏமாற்ற மனம் வரவில்லை என்று எழுதினால் என்னைப் பற்றி நன்றாகத்தான் இருக்கும். உண்மை அதுவல்ல. நான் கட்டிய கதைக்கு இப்படி ஒரு மவுசு கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் வாராவாரம் மனைவிக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினேன். கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைப்பாள். ஒரு ஆளுக்குச் சோறு கூடுதலாகப் பொங்குவாள்.

இப்படி இருக்கையில், படக்கதை சினிமாவாகப் போகிறது என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. வாசித்ததும் ஒரே கூச்சல். யார் நடிப்பது என்பதில் கிட்டங்கி இரண்டு கட்சியாகி, ஒரு கட்சி இன்னொரு கட்சிக்குத் தண்ணீர்ச் செம்பைக்கூட நகர்த்தித் தராத நிலைமை. "மூஞ்சிய மூடிக்கிறதுக்கு எதுக்குடி அழகான ஆளு?" என்று ஒருத்தி நியாயம் கேட்டாள். அவளை இரண்டு கட்சியும் சேர்ந்து வைதன. சுவரொட்டி ஒட்டினார்களா என்று தியேட்டர் பக்கம் சுற்றிக்கொண்டு வருவது பலருக்கும் வழக்கமாயிற்று. மதுரையில் ஓடி முடிந்து போடிக்கு வர மாதக்கணக்காகும் என்று தெரிந்தும்தான்.

சிலமலை அக்கா எந்தக் கட்சியிலும் இல்லை. "எனக்கு அவளைப் பார்க்கணும்த்தா. முகமூடியக் கழட்டிட்டு வந்து நிப்பான்ல, அன்னைக்கு அவ என்ன கேக்குறான்னு பார்க்கணும்" என்றாள். நான் சுளகில் குனிந்து வேகமாகக் காய் பொறுக்கினேன்.

மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போய்வந்த ஒருத்தி சினிமாவின் பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம் இருந்தது. வாசித்தேன். சேவகர்கள் இருந்தார்கள், கொடிய மந்திரி இருந்தான், மந்திரியின் மகள் இருந்தாள். மனைவி இல்லை. கடைசியில் எல்லாப் பாட்டுப் புத்தகத்திலும் போடுகிற மாதிரி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டிருந்தது. சிலமலை அக்காவின் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப அவ மீதியிலதான் வர்றா."

"ஆமாக்கா" என்றேன்.

அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஒரு வாரம் என்னைக் கேலி செய்திருப்பார்கள். அத்தோடு போயிருக்கும். அந்தக் கேலிக்குப் பயந்தேன்.

படம் போடிக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எல்லோரும் போனோம். பெண்கள் பக்கம் தரையில் இடம் பிடித்தோம். சிலமலை அக்கா பெட்டியில் வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள். என்னை ஒட்டி உட்கார்ந்தாள். முகமூடிக்காரன் மதிலைத் தாவியதும் ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. எங்கள் பக்கமும் குறைவில்லை. அவள் மட்டும் திரையில் எந்தப் பெண் வந்தாலும் என் கையைத் தொட்டாள்.

"இவளா?"

"இல்லக்கா."

தண்ணீர்க் குடத்தோடு போகிறவள், அரண்மனையில் சாமரம் வீசுகிறவள், கூட்டத்தில் அழுகிறவள் என்று ஒருத்தியையும் விடவில்லை. இடைவேளையில் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை. கடைசியில் மந்திரி விழுந்தான். முகமூடி கழன்றது. தியேட்டரே எழுந்து நின்று கைதட்டியது. அவன் மந்திரியின் மகளுக்குத் தாலி கட்டினான். பூ தூவினார்கள். சுபம்.

வெளியே வந்ததும் எல்லோருக்கும் வாய் ஓயவில்லை. "அவ எங்கடி?" என்று சிலமலை அக்கா பொதுவாகக் கேட்டாள். "படம் நீளமாப் போச்சுன்னு வெட்டியிருப்பாகக்கா" என்றாள் ஒருத்தி, சாதாரணமாக. "வெட்டிட்டு இன்னொருத்திக்கா தாலி கட்டுவான்?" என்றாள் அக்கா. அதை யாரும் காதில் வாங்கவில்லை. சண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

பஸ்சு நிற்கும் இடம் வரை அவளோடு போனேன். அவள் பூவை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, அவன் துரோகம் ஒண்ணும் செய்யல. அவனுக்குப் பொண்டாட்டியே இல்ல. பொஸ்தகத்துலயும் இல்ல. நானாக் கட்டிச் சொன்னது. அப்படி ஒருத்தியே கிடையாது."

வைவாள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"போன தையில குரங்கணி ஆளு ஒருத்தரு எங்க வீட்டுக்காரரைத் தோட்டத்துல பார்த்தாராம். அங்க வேற ஒருத்தியோட குடும்பமா இருக்காராம். ஊருல ஒரு பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்காளேய்யான்னு இவரு கேட்டிருக்காரு. அப்படி ஒருத்தியே கிடையாதுன்னு சொன்னாராம்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப நீயும் சொல்லுற."

பஸ்சு வந்ததும் அவள் ஏறிப் போய்விட்டாள்.