கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைத்தாள்கள்

1988 ஜூன் மாதம், நாற்பத்தெட்டு வயதில், இரண்டு பெட்டிகளோடு ஆவடியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். எட்டு வருடம் நைஜீரியாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்துவிட்டு வந்த மனிதன். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து இரண்டு மூன்று குடும்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "இனிமே சாருக்கு என்ன கவலை, கால் மேல கால் போட்டு உட்கார வேண்டியதுதான்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். என் முதுமைக்கென்று நான் சேர்த்து வைத்தது ஒன்றுமில்லாமல் போனது அப்போது எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தான் தெரியும். என் மனைவி சுகந்திக்குக்கூடத் தெரியாது.

சென்ற மாதம் நான் ஓய்வு பெற்றேன். இதைச் சாட்சியாக உங்களுக்கு எழுத வேண்டும் என்று பத்து வருடமாக நினைத்தேன், வெட்கம் தடுத்துக்கொண்டே இருந்தது. இப்போது மறைக்க விருப்பமில்லை.

நான் பூந்தமல்லியில் ஒரு மிஷன் பள்ளியில் 1972-இல் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்தேன். எட்டு வருடம் வேலை பார்த்தேன். 1980-இல் நைஜீரியாவுக்கு ஆசிரியர்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன், கிடைத்தது. பள்ளியில் சம்பளமில்லாத விடுமுறை இரண்டு வருடம் கொடுத்தார்கள். மகள் அப்போது ஆறாம் வகுப்பு, அதனால் சுகந்தி இங்கேயே இருந்துவிட்டாள்.

புறப்படும் முன்பு, வெளிநாடு போகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தை நானும் செய்தேன். இருபது வெள்ளைத்தாள்களை எடுத்து ஒவ்வொன்றின் கீழேயும் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். ரேஷன் கார்டு, பாங்கு, கேஸ் என்று எதற்காவது என் கையெழுத்து வேண்டுமென்றால் மேலே எழுதிக்கொள்ளட்டும் என்று. "என்னைக் கேட்காம எதுலயும் எழுதிடாத" என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் அந்தத் தாள்களை மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தாள்.

என் சுபாவத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் கட்டளை போடுகிற ஆள். சுகந்தி எனக்கு எழுதும் கடிதங்களில் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தி, அதே கடிதத்தை என் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவேன். அவள் ஒரு தடவையும் கோபித்து எழுதவில்லை. ஜெபத்திலும் அப்படித்தான். காலையும் மாலையும் முழங்காலில் நின்று, இன்னது வேண்டும், இன்ன தேதிக்குள் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுவேன். அவளோ அடுப்படியில் நின்றுகொண்டே இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். இவளுக்கு விசுவாசம் குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1982-இல் என் ஒப்பந்தத்தை அங்கே நீட்டித்தார்கள். பூந்தமல்லிப் பள்ளியிலிருந்து, திரும்பி வந்து சேருகிறீர்களா, விடுமுறையை நீட்டிக்க மனுச் செய்கிறீர்களா என்று கேட்டு எழுதினார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. அந்தச் சம்பளத்துக்கு வருடா வருடம் மனுப் போட்டுக் கெஞ்ச வேண்டுமா என்று தோன்றியது. அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிடு என்று சுகந்திக்கு அனுப்பினேன். அத்தோடு அந்தக் காரியம் முடிந்தது என்று மறந்தும் போனேன். ராஜினாமாச் செய்தால் பழைய எட்டு வருடமும் அடிபட்டுப் போகும், பென்ஷன் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். என் பென்ஷனை நானே சம்பாதித்துக்கொள்வேன் என்ற திமிர்.

அங்கே நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மற்ற நம் ஊர் ஆசிரியர்கள் கார் வாங்கினார்கள். நான் பழைய சைக்கிளில் போனேன். விமானச் செலவுக்குப் பயந்து இடையில் ஊருக்கே வரவில்லை. காராமணியும் சோறும்தான் வாரத்தில் ஐந்து நாள். வீட்டுச் செலவுக்கு மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தை அங்கேயே பாங்கில் போட்டேன். ஒப்பந்தம் முடியும்போது கொடுக்கிற கிராஜுவிட்டியையும் அப்போதைக்கப்போது வாங்காமல் விட்டேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கையாக எடுத்துக்கொண்டு வருவது என் திட்டம். 1984-இல் சுகந்தி எழுதினாள்: கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புங்கள், திருமுல்லைவாயலில் ஒரு மனை வருகிறது, முன்பணம் கொடுத்து வைக்கலாம். "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தையும் திருத்தித்தான் அனுப்பினேன்.

1986-இல் அந்த நாட்டுப் பணத்தின் மதிப்பு விழுந்தது. சில மாதங்களில், என் பாங்குப் புத்தகத்தில் இருந்த தொகை அப்படியே இருந்தது, அதை ரூபாயாக மாற்றினால் கையில் வருவதுதான் இல்லாமல் போனது. ஏறிவிடும் என்று காத்திருந்தேன். இன்னும் விழுந்தது. சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. 1988-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசியில் நான் கொண்டுவந்தது, இங்கே ஒரு வருடம் வீட்டை ஓட்டக்கூடக் காணாது.

வந்த முதல் வாரம் வாய் திறக்கவில்லை. மகள் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். சுகந்தி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அவள் கேட்காதது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்காமல் போயின. எதற்காக அங்கே உட்கார்ந்தேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எழுந்து வந்தது என் தைரியமல்ல, அவருடைய இரக்கம்.

அடுத்த நாள் முதல் மூன்று நாள் உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, என் பணத்தைத் திருப்பித் தாரும். நான் உழைத்தது, வீணாகச் செலவழிக்காதது, உமக்குத் தசமபாகம் கொடுத்தது" என்று கேட்டேன். கேட்டது என்ன, வழக்காடினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் சுகந்தி கஞ்சி கொண்டுவந்து வைத்தபோதும் பதில் எதுவும் வரவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக என் ஜெபத்தில் வார்த்தை தீர்ந்துபோனது. இனி என்ன கேட்பதென்றே தெரியவில்லை. "எனக்குத் தெரியவில்லை, ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். பிறகு சுகந்தியை உட்காரச் சொல்லி உள்ளதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "நாளைக்கு நம்ம பூந்தமல்லி ஸ்கூலுக்கு ஒரு எட்டு போய்ட்டு வாங்க" என்றாள்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? ராஜினாமாக் கடுதாசி விட்டெறிஞ்சவன்."

"போங்க. மானேஜர் ஐயாவப் பாருங்க."

மணிக்கணக்குச் சம்பளத்துக்காவது வகுப்பு கேட்கலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினேன். பள்ளி வாசலில் பியூன் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டார்.

"இன்னா சார், ஒருவழியா லீவு முடிஞ்சி வந்துட்டியா?"

"லீவா? நான் ராஜினாமா பண்ணி ஆறு வருஷமாச்சே, ஏழுமலை."

"இன்னா சார் சொல்ற நீ? அம்மா வருசா வருசம் ஜூன் மாசம் வந்துகினே கீது. லீவு லெட்டர ஆபீஸ்ல குடுத்துட்டு, எனக்கு டீக்கு ஒரு ரூபா குடுத்துட்டுத்தான் போவும். உன் பேரு இன்னும் ரிஜிஸ்டர்ல கீது சார். வேணா போய்ப் பாரு."

முதலில் வந்தது கோபம்தான், நன்றியல்ல. என்னைக் கேட்காமல் எழுதியிருக்கிறாள். என் கையெழுத்தை வைத்து ஆறு வருடம் பொய் மனுக் கொடுத்திருக்கிறாள். அப்படி வந்த வேலையில் எப்படி உட்காருவது? நேராக மானேஜர் அறைக்குப் போனேன். அவர் ஒரு வயதான போதகர், என்னை 1972-இல் வேலைக்கு எடுத்தவர். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னேன்: "ஐயா, 1982-இல் நான் ராஜினாமா எழுதி அனுப்பினேன். என் மனைவி அதைக் கொடுக்காமல் மறைத்துவிட்டாள். உங்களை ஏமாற்றி இந்த வேலைக்கு வர எனக்கு விருப்பமில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவ மறைச்சான்னு யார் சொன்னா? கடிதம் வந்த அன்னைக்கே எடுத்துட்டு வந்து இந்த மேஜையிலதான் வச்சா. 'ஐயா, இது அவர் கோபத்துல எழுதினது. கொடுக்கச் சொல்லியிருக்கார், கொண்டுவந்துட்டேன். ஆனா கொடுக்க எனக்கு மனசு வரல' அப்படின்னா. நான் படிச்சுப் பார்த்தேன். கோபத்துல எழுதினதுதான். திருப்பிக் கையில கொடுத்து, 'நீயே வச்சிரும்மா, அவர் நேர்ல வந்து கொடுத்தா வாங்கிக்கிறேன், அதுவரைக்கும் வருஷம் ஒரு லீவு லெட்டர் கொடு'ன்னு சொன்னேன். ஸ்கூல் கமிட்டியும் ஒத்துக்கிச்சு. ஒவ்வொரு வருஷமும் அவ கேட்டது ஒண்ணுதான், எனக்காக இல்ல ஐயா, அவர் திரும்பி வரும்போது ஒரு கதவு திறந்திருக்கணும்னு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்: "இப்ப நேர்ல வந்திருக்கீங்க. ராஜினாமா கொடுக்கிறீங்களா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மேஜையில் தலையை வைத்து அழுதேன். நாற்பத்தெட்டு வயது ஆண்பிள்ளை அழுதான் என்று எழுத இன்று எனக்கு வெட்கமில்லை. என் இடத்தில் தற்காலிகமாக இருந்த ஆசிரியை அந்தக் கோடையில்தான் கணவரோடு மதுரைக்குப் போயிருந்தார். ஜூலை மாதம் நான் வேலையில் சேர்ந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் சுகந்தி டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த ராஜினாமாக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். நைஜீரியத் தபால்தலை ஒட்டிய உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"ஏன் எனக்கு ஒரு வரி எழுதல?" என்றேன்.

"எழுதியிருந்தா சிவப்பு மையில திருத்தி அனுப்பியிருப்பீங்க" என்றாள். சிரிக்கவில்லை. கண் நிறைந்திருந்தது. "பயந்துக்கிட்டேதாங்க செஞ்சேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள்ல எழுதறதுக்கு முன்னாடி, ஆண்டவரே தப்புன்னா என் கையப் பிடிச்சு நிறுத்தும்னுதான் கேட்டேன். அவர் நிறுத்தல."

பிரியமானவர்களே, என் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி நான் மூன்று நாள் வழக்காடினேன். பணம் திரும்பவில்லை, இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் நான் வாய் திறப்பதற்கு ஆறு வருடம் முன்பே, நான் விசுவாசம் குறைந்தவள் என்று நினைத்த பெண்ணின் கையில் ஆண்டவர் என் பதிலைக் கொடுத்து வைத்திருந்தார். நான் போட்ட ஒவ்வொரு திட்டத்தையும் ஜெபம் என்று நினைத்தேன். அடுப்படியில் முணுமுணுத்த அந்த இரண்டு வார்த்தைதான் ஜெபம்.

பத்து வருடம் வேலை பார்த்தேன். அதற்குப் பிறகு சுகந்தி எழுதிய எதையும் நான் திருத்தியதில்லை. பழைய எட்டோடு சேர்த்துப் பதினெட்டு வருடம் பென்ஷனுக்குக் கணக்கில் வந்தது. பெரிய தொகையல்ல. ஆனால் நாங்கள் இருவரும் யார் வீட்டு வாசலிலும் நிற்க வேண்டியதில்லை, எனக்குப் பிறகு அவளுக்கும் வரும். பென்ஷன் மனுவில் எங்கள் இருவரையும் சேர்த்து எடுத்த போட்டோவை ஒட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் நிதானமாக எழுத்து எழுத்தாகப் போட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கீழே என் கையெழுத்தைப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"எதுக்குங்க இது? இப்ப எங்க போகப் போறீங்க?"

"எங்கயும் போகல. இனிமே நான் எதாவது அவசரப்பட்டு முடிவு பண்ணினா, என்னைக் கேட்காம இதுல எழுதிக்கோ."

அவள் அதை வாங்கி, அதே மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

உங்களில் யாராவது ஜெபித்து ஜெபித்து, பதில் வரவில்லை என்று சோர்ந்திருந்தால் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். எழுந்து, உங்கள் வீட்டில் இதுவரை நீங்கள் பேசவே விடாத மனுஷியைக் கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள். என் பதில் என் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது. அவருக்கே ஸ்தோத்திரம்.