முள்ளிப்பட்டுக்கு ஒரே நம்பர்

ஆரணி இ-சேவை கவுண்டரில் உட்கார்ந்து நான் செய்த தப்புகளில் ஒன்று, தப்பு என்றே தெரியாமல் ஏழு வருஷம் ஓடியது. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு எஸ்தர் வந்தாள். முள்ளிப்பட்டில் பட்டு நெய்கிறவள். மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்த ரசீதையாவது அன்று ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் சீட் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

விவரமெல்லாம் அடித்து ஓடிபி பட்டனை அமுக்கினேன்.

"வந்துச்சாம்மா?"

"ஒண்ணும் வரல மேடம்."

இன்னொரு தரம் அமுக்கியும் வரவில்லை. திரையில் தெரிந்த கடைசி நாலு எண்ணைப் படித்தேன். எஸ்தர் முகம் சுருங்கிவிட்டது.

"அய்யோ, அது எங்க பழைய மொதலாளி நம்பராச்சே! அவருக்கு இன்னாத்துக்குப் போவுது?"

எனக்குத் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன் அந்த ஊரில் இ-சேவைப் பதிவு முகாம் போட்டவள் நான்தான். செல் நம்பர் இல்லாமல் படிவம் நகராது. பாதிப் பேரிடம் போன் இல்லை. வீட்டுத் தறிகளுக்கு வேலை கொடுக்கும் தணிகாசலம் முதலாளி எல்லாருக்கும் டீ வரவழைத்துவிட்டு, "என் நம்பரையே போட்டு ஜல்தியா முடிம்மா" என்றார். போட்டேன். முகாமைச் சீக்கிரம் முடித்த பெருமை வேறு எனக்கு.

"இப்ப மாத்திடுங்க மேடம்."

"மாத்தறதுக்கும் ஓடிபி அவருக்குத்தாம்மா போகும்."

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

எஸ்தர் அவரோடு பேசி இரண்டு மாதமாகிறது. புடவைக் கரையில் பிழை என்று நாலு பேர் முன்னால் அவர் கத்தியிருக்கிறார். அந்தப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த கையோடு இவள் வேறு முதலாளியிடம் போய்விட்டாள். ரோஷக்காரி.

நானே அவருக்குப் போன் போட்டேன். "எஸ்தருக்கா? ஏன், அவளுக்கு வாயில்லையா? அவளே கேக்கட்டும்" என்றார். மணி நாலே முக்கால்.

போனை நீட்டினேன். எஸ்தர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கினாள்.

"மொதலாளி, எஸ்தர் பேசறேன். பாப்பா நர்ஸு படிப்புக்கு. நம்பரச் சொல்லுங்க."

அவ்வளவுதான், மனுஷன் உருகிவிட்டார். "பாப்பா நர்ஸாவப் போவுதா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று ஆறு எண்ணையும் ரெண்டு தரம் சொன்னார். அப்புறம் என்னிடம் புலம்பல். "ஊர்ல யாரு எந்த சர்டிபிகேட்டு கேட்டாலும் எனக்குத்தான் மேடம் மெசேஜு. வூடு வூடாப் போய்ச் சொல்லிகினு கீறேன். பேஜாரா கீது."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரசீது போய்ச் சேர்ந்தது.

"நல்ல மனுஷன்தாம்மா" என்றேன்.

"நல்லவருதான் மேடம், இல்லன்னு யாரு சொன்னா? ஆனா எம்பொண்ணு படிக்கிறதுக்கு அவரு நல்லவரா இருக்கணும்னு நான் ஏன் வேண்டிகினு இருக்கணும்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு முள்ளிப்பட்டுக்குப் போனேன். சர்ச் முடிந்து வந்த எஸ்தர்தான் ஆட்களைக் கூட்டி வந்தாள். தணிகாசலம் பக்கத்தில் உட்கார்ந்து ஓடிபி வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவரையும் அவரவர் நம்பருக்கு மாற்றினேன்.

இப்போதெல்லாம் நம்பரைச் சொன்னவுடன் டைப் செய்ய மாட்டேன். முதலில் என் போனிலிருந்து ஒரு ரிங் விடுவேன். எதிரில் நிற்கிறவர் கையில் அது அடிக்க வேண்டும். "போன் வூட்டுக்காரருகிட்ட கீது மேடம்" என்றால், உங்களுக்கென்று ஒன்று வரும்வரை இந்த வேலை பாதிதான் முடிந்தது என்று சொல்லி, அவர்கள் பெயரை என் நோட்டில் குறித்துக்கொள்வேன். பின்னால் நிற்கும் கியூ திட்டும். திட்டினால் திட்டட்டும்.