பச்சை ஃபியூஸ் எங்கே?

வெர்லீன் ஹாஸ்கட்டுக்கு ஓரிடத்தில் மூன்று வாரம் தாங்காது. நான்காவது வாரம் உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். டிரெய்லரையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் இதைக் கொக்கி அரிப்பு என்பார்கள். வண்டியின் பின்கொக்கியில் டிரெய்லரை மாட்டிச் சாலையில் இறங்கும்வரை அடங்காத அரிப்பு அது. வெர்லீனுக்கு அது முற்றிப்போன கேஸ்.

இருக்காதா பின்னே? நெப்ராஸ்காவில் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடை அறையில் இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவள். லாரிக்காரர்கள் எங்கெங்கோ போய்வருவதைக் கண்ணாடி வழியே பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே வீட்டை விற்றாள். புருஷன் டெல்மரைக் கிளப்பிக்கொண்டு பழைய டிரெய்லர் ஒன்றில் குடியேறினாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஆறு வருடம் ஓடிவிட்டது. கோடையில் எங்காவது முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை, அக்டோபரில் வடக்கு டகோட்டாவில் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை, குளிர்காலத்தில் அரிசோனாப் பாலைவனம்.

இந்த முறைதான் அந்தப் பாலைவனத்துக் குவார்ட்சைட் ஊரில் ஐந்து மாதம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு தடவை டயர் சரியில்லை என்றார் டெல்மர். ஒரு தடவை முதுகு வலி. ஒரு தடவை காற்று பலமாக அடிக்கிறது. ஏப்ரல் பிறந்து வெயில் ஏறி, அக்கம்பக்கத்தில் பாதிப்பேர் கிளம்பியும் போய்விட்டார்கள். வெர்லீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஐடஹோவில் ஓர் ஏரிக்கரை முகாமில் வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்று செவ்வாய். எண்ணூறு மைல் இருக்கிறது.

கிளம்பலாம் என்று காலையில் பொத்தானை அழுத்தினால், ஸ்லைடு உள்ளே வரவில்லை.

வண்டி நிற்கும்போது சோபாவும் சாப்பாட்டு மேசையுமாக ஒரு பக்கச் சுவரே மூன்றடி வெளியே தள்ளி நிற்கும். அதுதான் ஸ்லைடு. அது உள்ளே வராமல் சாலையில் ஏற முடியாது. மோட்டார் முனகக்கூட இல்லை. கையால் சுழற்றி இழுக்கிற தண்டு எங்கே என்றால், டெல்மருக்கு ஞாபகமில்லையாம்.

இந்தப் பாலைவனத்தில் யாருக்காவது ஸ்லைடு மாட்டிக்கொண்டால், கிழவர்கள் அவரவர் மடக்கு நாற்காலியோடும் காபிக் கோப்பையோடும் வந்து சேர்ந்துவிடுவார்கள். மூன்று பேர் வந்தாயிற்று. ஆளாளுக்கு நாட்டாமை. ஒருவர் பாட்டரி என்றார், ஒருவர் மோட்டார் என்றார். மூன்றாமவர், "இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான்" என்று கதையை முடித்தார். டெல்மரும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தார். வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்யா, நீ என்ன வேடிக்கை பாக்க வந்த விருந்தாளியா? எது எந்த ஃபியூஸுன்னு சொல்லு."

"எனக்கெப்படித் தெரியும் வெர்லீ? முன்னாடி வச்சிருந்தவன் ஒண்ணுலயும் பேர் எழுதலையே."

அது உண்மைதான். அடுப்புக்குக் கீழே, முழங்காலில் நின்றால்தான் தெரியும் உயரத்தில் அந்த ஃபியூஸ் பெட்டி இருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாள் வெளுத்துப்போய் எழுத்தே இல்லை.

பக்கத்து டிரெய்லர் ஆர்லிஸ், தடித்த குரலுள்ள மின்னசோட்டாக்காரி, அவளே வந்து நின்றாள். "அந்தச் சபையை விடுடீ. நீ ஒண்ணொண்ணாப் புடுங்கு. எது அணைஞ்சுதுன்னு நான் கத்துறேன்."

எல்லா விளக்கையும் விசிறியையும் தண்ணீர் பம்பையும் போட்டுவிட்டுத் தொடங்கினார்கள். வெர்லீன் முதல் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

"படுக்கையறை லைட் போச்சு!"

ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டினாள். அடுத்தது.

"பம்ப் செத்துப்போச்சு!"

"இது?"

"ஒண்ணும் ஆகலையே... இரு, இரு. ஃபிரிட்ஜ். ஐயோ, என் ஐஸ்கிரீமை உங்க ஃபிரிட்ஜ்லதான் வச்சிருக்கேன், சீக்கிரம் மாட்டு!"

விசிறி, ஹீட்டர், கேஸ் கசிந்தால் அலறும் பெட்டி என்று எட்டு ஃபியூஸுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. எட்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. ஸ்லைடு மட்டும் எதிலும் இல்லை. வெர்லீன் பொத்தானை இன்னொரு முறை அழுத்தினாள், கோபத்தில் இன்னொரு முறை. மணி பதினொன்றாகிவிட்டது. எண்ணூறு மைல் என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"காலியா ரெண்டு இடம் இருக்கே?" என்றாள்.

"காலி இடம் எல்லார் வண்டியிலயும் இருக்கும். அது சும்மாடீ."

இவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அதுதான். இருப்பதைத்தான் சோதிப்பார்கள், இல்லாததை யாரும் சோதிப்பதில்லை. வெர்லீன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். ஐந்து மாதப் பாலைவனப் புழுதி பெட்டி முழுக்க மாவு மாதிரி படிந்திருந்தது. ஒரு காலி இடத்தின் வாயிலும் புழுதி. இன்னொன்றில் இல்லை. பித்தளை பளிச்சென்று மின்னியது. பக்கத்தில் 30 என்று பொறித்திருந்தது; முப்பதுக்குப் பச்சை ஃபியூஸ்தான் வரும்.

அவள் எழுந்து வெளியே வந்தாள். நாற்காலிச் சபை திரும்பிப் பார்த்தது.

"பச்சை ஃபியூஸ் எங்கே டெல்மர்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் கொஞ்ச நேரம் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

மற்ற மூவரும் நாற்காலியை மடக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்கள். ஆர்லிஸ்கூட ஐஸ்கிரீமை மறந்துவிட்டுப் போய்விட்டாள்.

"உனக்குத்தான் எதுன்னே தெரியாதே?"

"நேத்து நீ லாண்டரிக்குப் போனப்ப ஒண்ணொண்ணாப் புடுங்கிப் பாத்தேன்."

"தண்டையும் நீதான் ஒளிச்சு வச்சியா?"

"இல்ல. அது நெஜமாவே தொலைஞ்சுபோச்சு."

சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. ஆறு வருடமாகத் தன்னோடு ஆசையாகத்தான் அலைகிறார் என்று நம்பியிருந்தாள். மனசு வலித்தது.

"என்னோட வரப் பிடிக்கலேன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஃபியூஸைத் திருடுவியா? உள்ள வா. புடுங்குன கையாலயே மாட்டு."

டெல்மர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். திறந்த கதவு வழியே நல்ல வெளிச்சம். அவர் விரல் ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நகர்ந்தது. ஃபியூஸை அழுத்தினார். பக்கத்தில் பட்டு வழுக்கியது. இன்னொரு முறை அழுத்தியபோது கைநழுவி விழுந்தது.

வெள்ளைத் தரையில், அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் பச்சையாகக் கிடந்தது. டெல்மர் வேறெங்கோ தரையைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெர்லீன் குனிந்து அவர் கண்களைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

அவர் தடவுவதை நிறுத்தினார். "இடது கண்ணு அறுவடை சமயத்துலயே போச்சு. இப்ப வலதுலயும் நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குது."

"அறுவடை முடிஞ்சு மலைப்பாதையில மழைக்குள்ள வண்டிய இழுத்துட்டு வந்தியே..."

"முன்னாடி போன லாரியோட சிவப்பு லைட்டைப் பாத்தே வந்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஒரேயடியா நின்னுடுவே. நிக்க வச்சா நீ செத்துப்போவே வெர்லீ. எனக்குத் தெரியாதா?"

அவரை அடிக்க வேண்டும்போலவும் கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் தரையிலிருந்த ஃபியூஸை எடுத்து, பளிச்சென்றிருந்த இடத்தில் அழுத்தினாள். பொத்தானைத் தொட்டதும் மோட்டார் முனகியது. சோபாவும் மேசையும் மெல்ல உள்ளே வந்து நின்றன.

பிறகு ஐடஹோவுக்குப் போன் போட்டாள். சனிக்கிழமை வர முடியாது, அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"அப்ப இங்கேயே இருக்கப் போறோமா?" என்றார் டெல்மர். அவர் குரலில் பயம் இருந்தது.

"ஹவாசு ஏரி ஊர்ல கண் டாக்டர் இருக்காரு. எண்பது மைல். டாக்டர் என்ன சொல்றாரோ அதுக்கப்புறம் மத்தது. சாவியக் குடு."

"நீ ஒரு தடவைகூட இதை இழுத்ததில்லையே."

"நீ பாக்காமலே இழுத்தே. நான் பாத்து இழுக்கிறேன். குடு."

டெல்மர் சாவியைக் குரல் வந்த பக்கமாக நீட்டினார். அவள் ஓரடி நகர்ந்து வந்து வாங்கிக்கொண்டாள்.