குறைத்துப் போட்ட மழை

அந்த மஞ்சள் நிற ஜி.பி.எஸ். கருவியை அக்கா முதன்முதலில் என் கழுத்தில் மாட்டிவிட்டபோது எங்கள் லயத்து வரிசை வீடு முழுதும் கூடி நின்று வேடிக்கை பார்த்தது. "இவ கழுத்துல இப்பதான் ஒன்னு ஏறியிருக்கு" என்று அம்மா கேலி செய்தார். புயலும் மண்சரிவும் வந்தால் மாத்தளை மலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் எந்த வழியாகத் தப்பலாம் என்று வரைபடம் போட வந்தவர் அக்கா. நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். முதல் நாள் மெடம் என்றுதான் கூப்பிட்டேன். "நானும் லயத்துல பொறந்தவதான், அக்கான்னே கூப்பிடுங்க" என்றார். அம்மா உருகிப்போனார். அன்று முதல் அக்காவுக்கு எங்கள் வீட்டில்தான் ரொட்டியும் கட்டச் சம்பலும்.

அக்கா செய்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. என்னை இடுப்பில் பிள்ளையோடு நடக்கவிட்டார். கால்வலிக்கார அம்மாவைத் தடியூன்றி நடக்கவிட்டார். எங்கே வேகம் குறைகிறது, எங்கே ஆட்கள் நெரிபடுவார்கள் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். மாலையில் லெப்டொப்பைத் திறந்து மழையின் அளவைக் கூட்டிக் கூட்டிக் காட்டுவார். வரைபடத்தில் ஓடையோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் ரோடு சட்டென்று சிவந்துவிடும். தோட்ட முகாமையாளரான துரையின் பங்களாக் கேட்டுக்குள் நுழைந்து மேடேறும் பாதை மட்டும் எந்த மழைக்கும் பச்சையாகவே இருக்கும். எங்களில் யாரும் அந்தக் கேட்டைத் தாண்டியது கிடையாது. "தொரை வீட்டு ரோசாவ மிதிச்சுக்கிட்டா ஓடுறது?" என்று பெண்கள் சிரித்தார்கள். "உசிரு பெருசா, ரோசா பெருசா? இதைத்தான் போடுவேன்" என்றார் அக்கா.

சில மாதங்களில் லயத்து முனையில் தப்பும் வழி காட்டும் பலகை நட்டார்கள். அதில் அம்புக்குறி ஓடையோர ரோட்டைக் காட்டியது. எனக்குச் சுருக்கென்றது. அக்காவுக்குப் போன் எடுத்தேன். "திரும்பக் கணக்குப் பார்த்தோம் தங்கச்சி. இப்ப அது பச்சைதான், பயப்படாதீங்க" என்றார். கூடப்பிறந்தவள் சொன்னதைப் போல நம்பினேன்.

புயல் வந்த அன்று மதியம் வெளியேறச் சொல்லி அறிவித்தார்கள். அடைமழையில் நாங்கள் ஓடைப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டோம். அன்று போனோம். "நம்ம புள்ள போட்ட பாதை, வாங்க" என்று தயங்கியவர்களை அழைத்ததும் அம்மாதான். வளைவில் மேட்டுமண் இறங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போன நான் தப்பினேன். தடியோடு பின்னால் வந்த அம்மாவை மண் மூடிவிட்டது.

நாங்கள் தங்கியிருந்த கோயில் மண்டபத்துக்கு அக்கா பிறகு வந்தார். புது வரைபடம் போட வேண்டுமாம். என் கையைப் பிடித்து அழுதார். கையை உதறிக்கொண்டு, சிவப்பு எப்படிப் பச்சையானது என்று கேட்டேன்.

"கேட்டத் தொறக்க ஏலாதுன்னு தொரை சொல்லிட்டாரு. பாதை இல்லாத மெப்ப மேலிடத்துல எடுக்க மாட்டாங்க. அதான், கணக்குல மழையக் கொஞ்சம் கொறச்சுப் போட்டேன்."

"எங்ககிட்டச் சொல்லியிருந்தா பூட்ட ஒடச்சிருப்போமே, அக்கா."

துரை மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்லை. அவர் எந்நாளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அல்ல. அம்மா சுட்ட ரொட்டியைச் சாப்பிட்ட வாயால்தான் அக்கா பச்சை என்று சொன்னார்.

அன்றும் அவர் அந்த மஞ்சள் கருவியை நீட்டினார். "வழி தெரிஞ்சவ நீங்கதானே" என்றார். வாங்கி நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு நேராகப் பங்களாவுக்கு ஏறினேன். காவல்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் அம்மாவின் சாவு வீட்டுக்கு வந்தவர்தான். பூட்டைத் திறந்துவிட்டார். "பெர்மிஷன் எடுத்துட்டுப் போவோம் தங்கச்சி" என்று அக்காவின் குரல் பின்னால் கேட்டது. ரோசாப் பாத்திகளுக்கு நடுவே நடந்தேன். மேட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். லயத்தில் பிறந்த அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். கருவி என் கழுத்தில் தொங்கியது. கேலி செய்ய அம்மா இல்லை.