தமையனார் திருப்பியனுப்பிய வண்டி

இக்கட்டுரையை எழுதுவதற்குரிய காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. சென்ற ஆண்டு என் தமையனாரின் கருமாதி நாளன்று, பந்தியில் அமர்ந்திருந்த உறவினர் ஒருவர், இலை போட்டுக்கொண்டு வந்த தமையனாரின் மகனிடம் பின்வருமாறு கூறினார்:

“ஒங்க அப்பா நல்ல மனுசன்தாம்ப்பா. ஆனா சொந்தத் தங்கச்சி புருசன் வண்டியவே காலியாத் திருப்பி விட்டவரு. பொறாமை யாரை விட்டுச்சு?”

அவ்வளவும் கேட்ட பின்னர், மகன் அவருக்கு உரிய இலையைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தான். நிகழ்ந்தது இன்னதென்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்களாக இன்று இருப்பவர் மிகச் சிலரே. தமையனாரைப் பற்றிய இப்பழியை அவருடைய மக்கள் சுமந்து திரிதல் தகாது என்பதனால், முதலாம் ஆண்டு நினைவு நாளில் வெளியிடப்பெறும் இம்மலரில் உண்மையைப் பதிந்து வைக்கின்றேன்.

தமையனார் திருவில்லிபுத்தூரில், தேரடிக்கு அருகில் இருந்த வாடகை வீடொன்றில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். மாறுதல் ஆணை வரும்போதெல்லாம் குடும்பம் இடம் பெயர்ந்தது. தமையனார் வேதியியலில் பட்டம் பெற்ற ஆண்டில் தந்தையார் மறைந்தார். மேற்படிப்பை விடுத்து, இராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் பணிக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்ததும், எங்கள் தங்கையை மணம் செய்து கொடுத்ததும் அவ்வூதியமே. பஞ்சுத்தூசி அவர் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை, இளைப்பு வந்தது. ஊரை விட்டு விலகுமாறு மருத்துவர் கூறவே, தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய நீர்மச் சரக்குக் கிடங்கு ஒன்றிற்குச் சென்றார். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார்.

கப்பற்சரக்கு என்றவுடன் மூட்டையும் பெட்டியுமே நம்மவர் நினைவுக்கு வரும். பாமாயிலும் அமிலமும் எரிசோடாக் கரைசலும் மூட்டையில் வருவதில்லை. கப்பலின் வயிற்றிலிருந்து குழாய் வழியே கரையேறி, மாடி வீடுகளினும் உயர்ந்த இரும்புத் தொட்டிகளில் தங்கி, அங்கிருந்து டேங்கர் வண்டிகளில் ஊர் ஊராகச் செல்லும். ஒரு நீர்மம் தனக்கு ஆகாத வேறொன்றையோ, தனக்கு ஆகாத உலோகத்தையோ தொட்டுவிடாமல் காத்தலே தமையனாரின் பணி. ஒவ்வொரு வண்டியின் முன்னும் நின்று அவர் கேட்கும் முதற்கேள்வி, “இதுல முன்னால என்ன இருந்துச்சு?” என்பது.

இல்லத்திலும் அக்கேள்வி நின்றபாடில்லை. அண்ணியார் பாலைப் பாத்திரம் மாற்றி ஊற்றினாலும் கேட்பார். “ம்ம், கப்பல்ல வந்த ஆசிட்டு இருந்துச்சு. குடிச்சிட்டுச் சொல்லுங்க, எம்புட்டுப் புளிப்புன்னு” என்பார் அண்ணியார். தமையனார் சிரிப்பார், ஆயினும் பாத்திரத்தை முகர்ந்து பார்க்காமல் விடமாட்டார்.

தங்கையின் கணவரை இனி மைத்துனர் என்றே குறிப்பேன். அவர் இராஜபாளையத்தில் மருத்துவமனைக் கட்டுத்துணி செய்யும் தொழிற்கூடம் வைத்திருப்பவர். நெய்த துணியின் மெழுகை நீக்கி வெளுப்பதற்கு எரிசோடாக் கரைசல் வேண்டும்; தொழிலில் இதனைக் காஸ்டிக் என்பர். இரும்பை இக்கரைசல் ஒன்றும் செய்யாது. அலுமினியத்தையோ தின்றுவிடும், தின்னும்போது பொங்கித் தீப்பற்றும் வளியை வெளிவிடும். ஆகையால் வெளுப்புக் கொட்டகைக்குள் அலுமினியத் தூக்குச்சட்டி கொண்டுவருதல் கூடாது என்பது அவ்வூரில் வேலைக்குச் சேரும் எவரும் முதல்நாளே அறிவது. மைத்துனர் கூடத்தில் சோற்றுச் சட்டிகள் அனைத்தும் வெளிவாசல் வேப்பமரத்தில் தொங்கும்.

நெடுங்காலம் பீப்பாய்களில் கரைசல் வாங்கி வந்த மைத்துனர், ஓராண்டு சொந்தமாக டேங்கர் வண்டி வாங்கினார். அவ்வாண்டின் ஆயுத பூசைக்கு வண்டிக்கு வண்ணம் பூசி, சந்தனம் குங்குமம் இட்டு, வாழைக்கன்று கட்டினார். அத்துடன் நில்லாது, கரைசல் இறங்கும் பின்பக்க வாயில் துருவேறிக் கிடந்த பழைய இரும்பு இணைப்பை, அதாவது கப்ளிங்கை, கழற்றிவிட்டுப் பளபளக்கும் புதியதொன்றை மாட்டச் செய்தார். பூசைக்கு வைக்கும் பொருள் மின்ன வேண்டும் என்னும் ஆர்வம் ஒன்றே காரணம். அது அலுமினியம் என்பது அவர் கருத்தில் படவில்லை.

பூசை முடிந்து, முதற்சரக்கு ஏற்றுவதற்கு மைத்துனர் தாமே ஓட்டுநருடன் வண்டியில் சென்றார். கிடங்கு வாசலில் இராஜபாளையத்து வண்டிகள் வேறு சிலவும் வரிசையில் நின்றன. அவற்றின் உரிமையாளர்களும் இருந்தனர். தமையனார் வண்டியைச் சுற்றி வந்து பின்புறம் நின்றார்.

“மாப்ளே, இன்னைக்கு ஏத்த முடியாது. வண்டியை ஊருக்குத் திருப்பிருங்க.”

“என்ன மச்சான், வெளையாடுதீகளா? மால பூ கூட வாடல.”

“வெளையாடல. கொண்டு போங்க. பொறவு போன்ல சொல்றேன்.”

வரிசையில் நின்றவர்களுள் ஒருவர், “என்னண்ணே, மச்சான் வீட்டுல தண்ணி கூடக் குடுக்க மாட்டாக போலயே” என்றார். மற்றவர் சிரித்தனர். தமையனார் காரணம் எதனையும் கூறவில்லை. மைத்துனர் வண்டியைத் திருப்பினார். அன்று தமையனார் விடுத்த அழைப்புகள் எதனையும் அவர் எடுக்கவில்லை.

சினத்தோடு வேறோரிடத்தில் கரைசலை நிரப்பிக்கொண்டு ஊர் திரும்பினார். வழியில் வால்வு சிறிது கசிந்து, மூடியிட்ட இணைப்புக்குள் கரைசல் இறங்கியிருக்கிறது. தொழிற்கூடத்தில் ஓட்டுநர் பக்கவாட்டில் நின்று மூடியை நெகிழ்த்தவே, அது வெடித்தெழுந்து எதிர்ச்சுவரில் மோதியது. நுரை பீறிட்டது.

“மொதலாளி! வண்டி வாய் சோடா பாட்டில் மாதிரிப் பொங்குது, வாங்க!”

ஓட்டுநர் நேர்எதிரே நின்றிருந்தால் கண்கள் போயிருக்கும். தண்ணீர் கொட்டிக் கழுவினர். ஒருவருக்கும் ஊறு இல்லை. தமையனார் வண்டியைத் திருப்பியது எதற்கென்று மைத்துனருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆயினும், அதன்பின் அவர் தமையனாரிடம் பேசவில்லை. சினத்தினும் நாணம் வலியது போலும். ஓட்டுநரையும் வாய் திறவாதிருக்கச் சொன்னார். வரிசையில் நின்றோர் வழியே ஊரில் பரவியது பொறாமைக் கதை ஒன்றே. அதனை மறுப்பார் இல்லை.

இந்நிலை ஆண்டுகள் சில நீடித்தது. கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் பயின்று முடித்த தங்கை மகளுக்குத் திருமணம் உறுதியாயிற்று. தாய்மாமன் மாலையிட்டு மணமகளை மேடைக்கு அழைத்து வருதல் எங்கள் வழக்கம். மைத்துனர் என்னிடம் வந்தார்.

“சின்ன மச்சான், நீங்களே மால எடுத்துருங்க. நீங்களும் தாய்மாமன்தான?”

“மூத்தவர் இருக்க நான் எடுப்பது முறையன்று, மாப்ளே” என்றேன். அவர் எழுந்து சென்றார்.

தமையனாருக்கு இச்செய்தி எட்டியது. தாம் தூக்கி வளர்த்த பெண்ணின் திருமணத்தில் பார்வையாளர் வரிசையில் அமர நேருமோ என்பதுதான் அவரை வருத்தியது. என்னிடம் ஒருமுறை, “கூப்பிட்டா வருவேன், கூப்பிடாட்டாலும் பின் வரிசையில வந்து உக்காருவேன்” என்றார்.

முடிச்சை அவிழ்த்தவள் தங்கை. பத்திரிகை கொடுக்க அவள் சென்றபோது, ஓட்டுநர் பேச்சுவாக்கில் மூடி வெடித்த கதையை அவளிடம் கூறிவிட்டார். இல்லம் திரும்பியவள் கணவர்முன் நின்றாள்.

“வண்டி வாய் பொங்குனது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்கண்ணன் மால எடுக்காட்டா நான் மணவறைப் பக்கமே வர மாட்டேன். பொண்ணுக்கு அம்மா எங்கன்னு கேட்டா, நீங்களே பதில் சொல்லிக்கிடுங்க.”

மறுநாள் மைத்துனரும் நானும் தாம்பூலத் தட்டுடன் துறைமுகம் சென்றோம். அன்று கப்பலிலிருந்து பாமாயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு தொட்டி நிறைந்து மறுதொட்டிக்கு மாற்றும் வேளை. தமையனார் எங்களைக் கண்டார், அருகில் வரவில்லை. தொலைவிலிருந்தே, “மாப்ளே, செத்த நேரம் அந்த நெழல்ல நில்லுங்க. வால்வு மாத்திட்டு வாரேன்” என்று குரல் கொடுத்தார். மைத்துனர் தட்டை ஏந்தியவாறே நின்றார். நான் வாங்க முற்பட்டபோதும் தரவில்லை.

வந்தவர் தட்டை நோக்கவில்லை. மைத்துனரை நோக்கி ஒன்றே கேட்டார்.

“வண்டிக்கு இப்ப என்ன கப்ளிங் போட்டிருக்கீக?”

“இரும்பு, மச்சான்.”

“அப்பம் பத்திரிகையக் குடுங்க.”

திரும்பும் வழியில், அன்றே காரணத்தைக் கூறியிருக்கலாமே என்று மைத்துனர் இல்லாத இடத்தில் தமையனாரிடம் தொலைபேசியில் கேட்டேன். “அம்புட்டுப் பேரு முன்னால எப்படிடா சொல்ல? பேண்டேஜ் தொழில் பண்றவருக்கு அலுமினியம் ஆகாதுன்னு நான் பாடம் எடுக்கவா? ராஜபாளையம் பூராச் சிரிச்சிருக்கும். வீட்டுக்குப் போயி அவரே பாத்துக்கிடுவாருன்னு நெனச்சேன்” என்றார். பிறரிடம் இதனைக் கூறவேண்டா என்றும் சொன்னார். திருமணத்தில் மாலை அவரே எடுத்தார். பொறாமைக் கதை மட்டும் ஊரில் அப்படியே நின்றது.

ஓய்வுக்குப் பின் திருவில்லிபுத்தூர் திரும்பினார். பழைய இளைப்பு இறுதியாண்டுகளில் மிகுந்தது. மதுரையில் மருத்துவமனையில் இருந்தபோது, மருந்து ஏற்ற வந்த செவிலியரிடமும் அந்தக் குப்பியில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார். அமைதியாகவே மறைந்தார்.

அவரைப் பேணிய மருத்துவருக்கும் செவிலியருக்கும், உயிர்க்காற்று உருளையை மாடிக்குத் தூக்கித் தந்த அண்டை வீட்டு இளைஞர்களுக்கும், இறுதி நாளில் தூத்துக்குடியிலிருந்து வந்து தோள் கொடுத்த கிடங்குத் தோழர்களுக்கும், முழுச் சடங்கிலும் அண்ணியார் அருகிலேயே இருந்த தங்கைக்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி.

இக்கட்டுரையை வெளியிட மைத்துனரின் இசைவு பெற்றே எழுதினேன். கையெழுத்துப்படியை அவரிடமே கொடுத்தேன். ஒருமுறை படித்துவிட்டு, “ஒரு எடத்துல தப்பு இருக்கு மச்சான்” என்றார்.

“காரணமே சொல்லலன்னு எழுதிருக்கீக. அவிய பேசுன அம்புட்டு நேரமும் கைய அந்தக் கப்ளிங் மேலயே வச்சிருந்தாக. எடுக்கவே இல்ல. நான்தான் அவிய மொகத்த மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன்.”

மேலே எழுதிய வரியை அழிக்காமல் விட்டு, அவருடைய திருத்தத்தை இங்கே சேர்த்துள்ளேன். யான் நேரில் காணாதன இன்னும் பல இருக்கலாம். கண்டோர், பிழை எங்கேனும் இருப்பின் இவ்வாறே தெரிவித்துத் திருத்த வேண்டுகிறேன்.